மாசராட்டியும் மெட்ராஸ் ஹெரால்டும் ஒரே கை வரைந்தவை: யார் இந்த மிக்கெலோட்டி?

உங்க வீட்டுப் பழைய ஆல்பத்தைப் புரட்டிப் பாருங்க. கல்யாண ஊர்வலத்திலோ, பெரியப்பா வாங்கின முதல் கார் என்றோ, இரண்டு கதவு வைத்த ஒரு சின்ன கார் நிற்கிறதா? அது ஸ்டாண்டர்ட் ஹெரால்டாக இருக்க நிறைய வாய்ப்பு உண்டு. 1960-களில் சென்னை வண்டலூர் தொழிற்சாலையிலிருந்து வெளிவந்த கார் அது. அம்பாசடர், ஃபியட், ஹெரால்டு: அன்றைக்கு கார் வாங்க நினைத்த இந்தியருக்கு இருந்த தேர்வு கிட்டத்தட்ட இந்த மூன்றுதான்.

இப்போ இன்னொரு கார். பெயர் மாசராட்டி 3500 ஜிடி ஸ்பைடர். கூரையை மடக்கிப் பின்னால் தள்ளிவிடலாம். தோல் இருக்கை, 3.5 லிட்டர் எஞ்சின், 220 குதிரைத் திறன். 1960 முதல் 1964 வரை இத்தாலியில் மொத்தமே சுமார் 240 கார்கள்தான் செய்தார்கள். இன்று ஏலத்துக்கு வந்தால், நம்ம பணத்தில் பல கோடி ரூபாய்க்குப் போகிறது.

இந்த இரண்டு கார்களுக்கும் என்ன சம்பந்தம்? இரண்டையும் வடிவமைத்தவர் ஒருவரே. பெயர் ஜியோவன்னி மிக்கெலோட்டி. ஆயிரத்துக்கும் மேற்பட்ட கார் வடிவங்கள் அவர் கையிலிருந்து பிறந்தன என்று கணக்கிடுகிறார்கள். ஆனால் ஃபெராரி என்றால் தெரிகிற, பினின்ஃபரினா என்றால்கூடத் தெரிகிற நம்மில் எத்தனை பேருக்கு இந்தப் பெயர் தெரியும்? ஏன் தெரியவில்லை என்பதுதான் அவருடைய வாழ்க்கையின் முக்கியமான கேள்வி. ஒரு நிறுவனத்துக்காக வேலை செய்து, அந்த வேலையில் தன் பெயர் வராமல் போனதைப் பார்த்திருக்கிற யாருக்கும் இந்தக் கதை புரியும்.

யார் இவர்? எங்கே தொடங்கினார்?

1921 அக்டோபர் 6-ஆம் தேதி, வட இத்தாலியின் டூரின் நகரில் பிறந்தார் மிக்கெலோட்டி. ஃபியட் நிறுவனத்தின் தலைநகரம் டூரின். அதைச் சுற்றி நூற்றுக்கணக்கான சின்னப் பட்டறைகள் இயங்கின. கார் என்றால் அந்த ஊரில் ஆடம்பரம் மட்டுமல்ல, அன்றாடப் பிழைப்பும்கூட.

அன்றைய கார் தொழிலைப் புரிந்துகொள்ள நம்ம ஊர் உதாரணமே போதும். பஸ் முதலாளி ஒருவர் கம்பெனியிலிருந்து சேசிஸ் மட்டும் வாங்குவார். பிறகு கரூர் போன்ற ஊரில் பாடி கட்டக் கொடுப்பார், இல்லையா? அந்தக் கால இத்தாலியில் சொகுசுக் கார்களும் அப்படித்தான். எஞ்சினும் சேசிஸும் ஒரு நிறுவனத்திலிருந்து வரும். அதன்மேல் உடலைத் தட்டிப் பொருத்தி, வண்ணம் பூசி, இருக்கை தைப்பது இன்னொரு நிறுவனம். இந்தப் பாடி கட்டும் பட்டறைகளுக்கு இத்தாலியில் 'கரோட்ஸேரியா' என்று பெயர்.

அப்படிப்பட்ட பழைய பட்டறைகளில் ஒன்று ஸ்டாபிலிமென்டி ஃபரினா. பதின்வயதிலேயே அங்கே பயிற்சிப் பையனாகச் சேர்ந்தார் மிக்கெலோட்டி. அதே நிறுவனத்தில் பழகி வளர்ந்த இன்னொருவர் ஆல்ஃபிரெடோ வின்யாலே. தகட்டைத் தட்டி வளைப்பதில் கைதேர்ந்தவர். இந்த இருவரின் பழக்கம் பின்னாளில் இத்தாலிய கார்களின் முகத்தையே மாற்றப் போகிறது.

போர் முடிந்தது. 1949-இல் மிக்கெலோட்டி ஒரு முடிவெடுத்தார். பட்டறை வேலையை விட்டுவிட்டு, டூரினில் சொந்தமாக ஒரு வரைகலை அலுவலகம் திறந்தார். இன்றைய மொழியில் சொன்னால் ஃப்ரீலான்சர். கார் உலகில் அன்று அப்படி ஒரு தொழிலே ஏறக்குறைய கிடையாது. வடிவமைப்பாளர் என்றால் ஏதாவது ஒரு பட்டறையின் சம்பளக்காரர். எந்தப் பட்டறைக்கும் வரைந்து கொடுப்பேன் என்று தனியாகக் கிளம்பிய முதல் சிலரில் இவர் ஒருவர். அப்போது வயது 28 ஆகியிருக்கலாம், அல்லது அதற்கும் சற்றுக் குறைவு.

போட்டியாளர்கள் எல்லோருக்கும் ஒரே ஆள்

அந்த முடிவு பலித்தது. வின்யாலே, கியா, பெர்டோனே, அல்லெமானோ என ஒன்றோடு ஒன்று மோதிக்கொண்டிருந்த பட்டறைகள் எல்லாம் மிக்கெலோட்டியிடம் வந்தன. ஒரே கார் கண்காட்சியில் பல அரங்குகளில் அவர் வரைந்த கார்கள் நிற்கும். ஒவ்வொன்றிலும் வேறு வேறு பட்டறையின் பெயர்ப்பலகை.

ஏன் எல்லோரும் இவரைத் தேடினார்கள்? முதல் காரணம், வேகம். அசாத்திய வேகத்தில் வரைவார். இரண்டாவது, அந்த வரைபடத்தை அப்படியே பட்டறையில் வேலைக்கு எடுத்துக்கொள்ளலாம். அழகான ஓவியம் வரைய நிறைய பேர் கிடைப்பார்கள். ஆனால் காரின் முழு அளவில், ஒன்றுக்கு ஒன்று என்ற கணக்கில், தகடு தட்டுபவர் பார்த்ததும் புரிகிற மாதிரி வரைய பட்டறை அனுபவம் வேண்டும். அது அவரிடம் சிறுவயது முதல் இருந்தது.

வின்யாலேயோடு சேர்ந்தபோது பலன் உடனே தெரிந்தது. இத்தாலியின் புகழ்பெற்ற நெடுஞ்சாலைப் பந்தயம் மில்லே மிலியா. 1951, 1952, 1953 என மூன்று ஆண்டுகள் தொடர்ந்து அதில் வென்றது ஃபெராரி. மூன்று கார்களுக்கும் பாடி கட்டியது வின்யாலே. அந்தக் காலத்து வின்யாலே கார்களின் வடிவங்கள் மிக்கெலோட்டியுடையவை. ஆனால் கோப்பையில் ஃபெராரி பெயர், காரின் பக்கவாட்டில் வின்யாலே பெயர். வரைந்தவர் பெயருக்கு இடம் இல்லை.

இதை மோசடி என்று சொல்லிவிட முடியாது. தொழிலின் வழக்கமே அப்படி. வாடிக்கையாளர் ஒரு பட்டறையின் பெயரை நம்பித்தான் பணம் கொடுக்கிறார். வடிவத்தை வெளியாள் போட்டுக் கொடுத்தார் என்பதை விளம்பரப்படுத்த எந்தப் பட்டறைக்கும் ஆசை இருக்காது. அதே ஆள் எதிர்ப் பட்டறைக்கும் போட்டுக் கொடுக்கிறார் என்றால் கேட்கவே வேண்டாம். ஆக, மிக்கெலோட்டிக்கு வேலையைத் தேர்ந்தெடுக்கும் சுதந்திரம் இருந்தது. அதற்கு விலையாகப் பெயர் போனது. அவருக்கு இது தெரியாமல் இல்லை. தெரிந்தேதான் தொடர்ந்தார்.

கூரை மடக்கும் அந்த மாசராட்டி ஏன் முக்கியம்?

1957 மாசராட்டிக்கு விசித்திரமான ஆண்டு. ஃபார்முலா 1 உலக சாம்பியன் பட்டத்தை அவர்களின் காரில்தான் ஃபான்ஜியோ வென்றார். அதே ஆண்டு இறுதியில் கம்பெனி திவாலாகும் நிலைக்கு வந்து, தொழிற்சாலை அணியாகப் பந்தயத்தில் ஓடுவதையே நிறுத்தியது. இனி பிழைக்க ஒரே வழி, பணக்காரர்கள் சாலையில் ஓட்டக்கூடிய காரை வரிசையாகத் தயாரித்து விற்பது.

அதுதான் 3500 ஜிடி. ஜூலியோ அல்ஃபியேரி என்ற பொறியாளர், பந்தயக் காரின் ஆறு சிலிண்டர் எஞ்சினைச் சாலைக்கு ஏற்றபடி பழக்கினார். ஒவ்வொரு சிலிண்டருக்கும் இரண்டு ஸ்பார்க் பிளக். எல்லாவற்றையும் சொந்தமாகச் செய்யப் பணம் இல்லாததால் ஜெர்மனியிலிருந்து கியர்பாக்ஸ், இங்கிலாந்திலிருந்து பிரேக் என வெளியில் வாங்கிக் கோத்தார்கள். மூடிய கூரை கொண்ட மாடலுக்கு மிலான் நகரத்து டூரிங் பட்டறை பாடி கட்டியது. கார் விற்றது. கம்பெனி மூச்சுவிட்டது.

அடுத்து, கூரை திறக்கும் மாடல் வேண்டும் என்றார்கள். அமெரிக்கச் சந்தைக்கு அது அவசியம். வேறு பட்டறைகளும் மாதிரிகள் செய்து காட்டின. கடைசியில் வேலை வின்யாலேக்குப் போனது. வரைந்தவர் மிக்கெலோட்டி.

கூரையை எடுத்துவிட்டால் காரின் விறைப்பு குறைந்துவிடும். மேடு பள்ளத்தில் உடல் முறுக்கிக்கொள்ளும். அதனால் சக்கரங்களுக்கு இடையிலான நீளத்தை 2.6 மீட்டரிலிருந்து 2.5 மீட்டராகக் குறைத்தார்கள். உடல் பெரும்பாலும் இரும்புத் தகடு. பானெட்டும் டிக்கி மூடியும் மட்டும் அலுமினியம். சேசிஸ் மொடெனாவில் தயாராகும். 250 கிலோமீட்டருக்கும் அப்பால் டூரினில் உடல் ஏறும். ஒவ்வொரு காரும் கையால் தட்டிப் பொருத்தியது என்பதால் ஒன்று போல் இன்னொன்று அச்சாக இருக்காது.

படம் கிடைத்தால் ஒன்றைக் கவனியுங்க. அந்தக் காரில் அலங்காரம் மிகக் குறைவு. அதே காலத்து அமெரிக்க கார்களைப் போல வால் சிறகுகளோ, குரோமியக் கொப்பளிப்போ இல்லை. முன்விளக்கிலிருந்து பின்விளக்கு வரை ஒரே ஓட்டமாகப் போகிற கோடு, அவ்வளவுதான். அதனால்தான் அறுபது வருடம் கழித்தும் அது பழசாகத் தெரியவில்லை.

சரி, மெட்ராஸ் எப்படி வந்தது?

இங்கிலாந்தின் கவென்ட்ரி நகரில் இருந்த ஸ்டாண்டர்ட்-ட்ரயம்ஃப் கம்பெனிக்கு 1950-களில் ஒரு தலைவலி. அவர்களுக்குப் பாடி செய்து கொடுத்த ஃபிஷர் அண்ட் லட்லோ நிறுவனத்தைப் போட்டியாளரான பிஎம்சி வாங்கிவிட்டது. புதிய சின்ன காருக்கு முழு உடலையும் ஒரே கூடாக அழுத்தித் தர ஆள் இல்லை. போட்டுப் பார்த்த வடிவங்களும் தேறவில்லை.

இந்த நேரத்தில் ரேமண்ட் ஃப்ளவர் என்பவர் தன்னுடைய குட்டிக் கார் திட்டத்துக்குப் பாகங்கள் வாங்க அங்கே வந்தார். சில மாதங்களிலேயே மாதிரிக் காரைச் செய்துவிடலாம் என்று அவர் சொன்னதைப் பொறியியல் தலைவர் ஹாரி வெப்ஸ்டர் நம்பவில்லை. துருவிக் கேட்டபோது, பின்னால் இருப்பது டூரின்காரர் மிக்கெலோட்டி என்று தெரியவந்தது. கம்பெனி அவரை ஒப்பந்தத்தில் எடுத்துக்கொண்டது. 1957-இல் வெப்ஸ்டர் டூரினுக்கே போனார். அங்கே மிக்கெலோட்டி உட்கார்ந்த இடத்தில் வரைந்து காட்டிய படம்தான் ஹெரால்டு. அந்த ஆண்டு முடிவதற்குள் வின்யாலே செய்த மாதிரிக் கார் கவென்ட்ரிக்கு வந்து நின்றது. 1959 ஏப்ரலில் ஹெரால்டு விற்பனைக்கு வந்தது.

ஒரே கூடாக உடல் கிடைக்காது என்பதால், ஹெரால்டுக்குத் தனி சேசிஸ் கொடுத்து, உடலைத் துண்டு துண்டாக போல்ட் போட்டு மாட்டுகிற மாதிரி அமைத்தார்கள். பானெட் முழுசாக முன்பக்கம் கவிழ்ந்து திறக்கும். எஞ்சின் வேலை பார்க்க மெக்கானிக் குனிய வேண்டியதே இல்லை. சுமார் 25 அடி வட்டத்துக்குள் வண்டியைத் திருப்பிவிடலாம்.

இந்தத் துண்டு துண்டான அமைப்புதான் இந்தியாவுக்கு வழி திறந்தது. பாகங்களாகக் கப்பலில் அனுப்பி, வேறு நாட்டில் பூட்டிக்கொள்ள இது மிகச் சுலபம். மாபெரும் அழுத்து எந்திரங்கள் வேண்டாம். மெட்ராஸைத் தலைமையிடமாகக் கொண்ட ஸ்டாண்டர்ட் மோட்டார் ப்ராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா 1961 முதல் ஹெரால்டைத் தயாரித்தது. இறக்குமதிக் கட்டுப்பாடு கடுமையாக இருந்த காலம் அது. படிப்படியாகப் பாகங்களும் இங்கேயே தயாராகின. பின் இருக்கைக்கு ஏற இரண்டு கதவு போதவில்லை என்று இந்தியக் குடும்பங்கள் குறைப்பட்டதால், 1960-களின் இறுதியில் நான்கு கதவு ஹெரால்டு வந்தது. அது வேறெந்த நாட்டிலும் இல்லாத, இந்தியாவுக்கு மட்டுமேயான மாடல்.

நம்ம சாலைக்கு ஹெரால்டின் பின்பக்க சஸ்பென்ஷன் ஒத்துவரவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். 1972-இல் அதை மாற்றி, சாதாரண அச்சு பொருத்தி, தோற்றத்தையும் திருத்தி 'கஸல்' என்ற பெயரில் விற்றார்கள். 1977-இல் அதுவும் நின்றது. ஆனால் அடிப்படையில் அந்தக் காருக்குள் இருந்தது டூரினில் வரைந்த அந்த ஹெரால்டுதான்.

ஜெர்மனி, ஜப்பான், நெதர்லாந்து

1959-இல் பிஎம்டபிள்யூ மூழ்கிக்கொண்டிருந்தது என்றால் இன்று நம்புவீங்களா? ஒருபக்கம் யாரும் வாங்க முடியாத விலையில் பெரிய கார்கள், இன்னொரு பக்கம் முட்டை வடிவக் குட்டிக் கார்கள். நடுவில் ஒன்றும் இல்லை. கம்பெனியை டெய்ம்லர்-பென்ஸ் விழுங்கும் திட்டம், அந்த ஆண்டு டிசம்பரில் பங்குதாரர் கூட்டம் வரை வந்துவிட்டது. சிறு பங்குதாரர்களும் டீலர்களும் எதிர்த்து நின்று அதைத் தடுத்தார்கள். அவர்கள் கையில் இருந்த வலுவான வாதங்களில் ஒன்று, புதிதாக வந்திருந்த பிஎம்டபிள்யூ 700. சிக்கனமான, பார்க்க லட்சணமான சின்ன கார். 1965 வரை 1.8 லட்சத்துக்கும் மேல் விற்றது. அதை வரைந்தவரும் மிக்கெலோட்டிதான்.

ஜப்பான் கார் நிறுவனங்கள் இத்தாலிய வடிவமைப்பாளர்களைத் தேடத் தொடங்கிய காலத்தில், முதலில் தட்டிய கதவுகளில் ஒன்று இவருடையது. 1960 டூரின் கண்காட்சியில் காட்டப்பட்ட ப்ரின்ஸ் ஸ்கைலைன் ஸ்போர்ட், 1964-இல் வந்த ஹினோ கான்டெஸா 1300 இரண்டும் அவர் வரைந்தவை. நெதர்லாந்தின் டாஃப் நிறுவனத்துக்கு 1966-இல் டாஃப் 44 வரைந்தார். இன்று நீங்க ஓட்டும் கியர் இல்லாத ஸ்கூட்டரில் இருக்கும் அதே பெல்ட் தத்துவத்தில் ஓடிய கார் அது.

ட்ரயம்ஃபோடு உறவு கடைசி வரை நீடித்தது. ஹெரால்டின் சேசிஸைக் குறுக்கி அவர் வரைந்த இரண்டு இருக்கை ஸ்போர்ட்ஸ் காரின் மாதிரி, பணமில்லாமல் தொழிற்சாலை மூலையில் துணி மூடிக் கிடந்தது. 1961-இல் கம்பெனியை லேலண்ட் வாங்கியபோது, சுற்றிப் பார்க்க வந்த புது நிர்வாகத்தின் கண்ணில் பட்டது. அதுதான் 1962-இல் ஸ்பிட்ஃபயராக வெளிவந்து, 3 லட்சத்துக்கும் மேல் விற்றது. இன்னொன்று, ட்ரயம்ஃப் 2000 காரை வாங்கி, கண்காட்சிக்காக அவர் மாற்றியமைத்த திறந்த கார். அதைப் பார்த்த வெப்ஸ்டர் கண்காட்சிக்கு அனுப்பாமல் கம்பெனிக்கே எடுத்துக்கொண்டார். 1970-இல் அது ட்ரயம்ஃப் ஸ்டாக் ஆனது.

பிறகு என்ன ஆனது?

அவரை வளர்த்த தொழிலே மெல்ல அழிந்தது. தனி சேசிஸ் கொண்ட கார்கள் மறைந்து, உடலும் சேசிஸும் ஒன்றான கூடு வந்தது. அதைக் கையால் தட்ட முடியாது. கோடிக்கணக்கில் முதலீடு செய்த அழுத்து எந்திரம் வேண்டும். சின்னப் பட்டறைகள் ஒவ்வொன்றாக மூடின, அல்லது விற்கப்பட்டன. வின்யாலே தன் நிறுவனத்தை டி தொமாசோவிடம் விற்றார். சில நாட்களிலேயே, 1969 நவம்பரில், சாலை விபத்தில் இறந்துபோனார். மிக்கெலோட்டியின் மிக நெருக்கமான கூட்டாளி அப்படிப் போய்ச் சேர்ந்தார்.

கார் நிறுவனங்கள் சொந்தமாகப் பெரிய வடிவமைப்புப் பிரிவுகளை அமைத்துக்கொண்டன. இருந்தும் மிக்கெலோட்டி ஓயவில்லை. பஸ், கடற்கரைக்கான பொழுதுபோக்குக் கார் என எது வந்தாலும் வரைந்தார். தன் சொந்தப் பட்டறையில் மாதிரிகளும் செய்தார். புற்றுநோயுடன் போராடி, 1980 ஜனவரி 23 அன்று, 58 வயதில் இறந்தார். அதே ஆண்டு ஆகஸ்டில் கடைசி ஸ்பிட்ஃபயர் தொழிற்சாலையை விட்டு வெளியேறியது. அவர் வரைந்து வைத்த ரிலையன்ட் நிறுவனத்தின் ஸ்போர்ட்ஸ் கார் ஒன்று, 1984-இல் சந்தைக்கு வந்தது.

பெயர் எப்படித் திரும்பக் கிடைத்தது?

அவர் உயிரோடு இருந்தபோது கார் ரசிகர்கள் பட்டறையின் பெயரைத்தான் கொண்டாடினார்கள். பழைய கார்களின் விலை ஏற ஏறத்தான், இதை உண்மையில் வரைந்தது யார் என்று வாங்குபவர்கள் விசாரிக்கத் தொடங்கினார்கள். பதில் சொல்ல முடிந்ததற்கு ஒரே காரணம், வரைபடங்கள் தொலையாமல் இருந்ததுதான். குடும்பம் அவற்றைப் பாதுகாத்தது. காரின் உடலில் இல்லாத கையெழுத்து காகிதத்தில் இருந்தது. இன்று மாசராட்டி ஸ்பைடர் ஏலத்துக்கு வந்தால், விவரக் குறிப்பில் வின்யாலே பெயருக்குப் பக்கத்தில் மிக்கெலோட்டி பெயரும் வருகிறது.

நீங்க மென்பொருள் எழுதுபவராக இருக்கலாம், விளம்பரம் வடிவமைப்பவராக இருக்கலாம், கட்டடம் வரைபவராக இருக்கலாம். வேலை உங்களுடையது, பெயர் கம்பெனியுடையது என்ற ஏற்பாடு இன்றும் மாறவில்லை. அதற்குக் கையெழுத்துப் போட்டுத்தான் வேலைக்குச் சேருகிறோம். மிக்கெலோட்டியும் அந்த ஏற்பாட்டுக்குள்ளேதான் வாழ்ந்தார். ஆனால் எதை எப்போது வரைந்தார் என்பதற்கு அவரிடம் ஆதாரம் இருந்தது. ஒப்பந்தம் அனுமதிக்கிற அளவுக்கு உங்க வேலையின் பதிவை நீங்களும் வைத்துக்கொள்ளுங்க.

அடுத்து எங்காவது பழைய கார் அணிவகுப்பு நடந்தால் போய்ப் பாருங்க. ஒரு ஹெரால்டு நிச்சயம் வந்திருக்கும். சொந்தக்காரர் பெருமையாக பானெட்டைக் கவிழ்த்துத் திறந்து காட்டுவார். இதை வரைந்தவர்தான் மாசராட்டியையும் வரைந்தார் என்று அவரிடம் சொல்லுங்க. அவருக்கே அது புதுச் செய்தியாக இருக்கலாம்.